அரிக்கன் லாம்பும் குப்பி விளக்கும்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கலேவெல. மாத்தளை மாவட்டத்தின் இத்தகைய நாட்டுப்புறங்களில், சேனைப் பயிரை யானையிடமிருந்தும் காட்டுப்பன்றியிடமிருந்தும் காக்கப் பரணிலே கண்விழித்திருந்த உழவனுக்கு இராத்துணை நெருப்பும் விளக்குமேயாகும். அவ்விளக்கின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முற்காலத்தில் நம் இல்லங்களில் எரிந்தவை இலுப்பை எண்ணெயும் தேங்காய் எண்ணெயுமே. மண்ணெண்ணெயின் காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிறந்தது. 1846இல் கனடாவில் ஆபிரகாம் கெஸ்னர் என்பார் நிலக்கரியிலிருந்து அதனை வடித்துக் காட்டினார். 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியபின் அது மலிந்து உலகெங்கும் பரவியது.

எண்ணெய் கிடைத்தது, ஆனால் காற்றிலே சுடர் அணையாதிருக்க வழி வேண்டுமே! ஜோன் இர்வின் என்பவர் இருபுறமும் குழாய்கள் பொருந்திய கைவிளக்குக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பின்னர் அதனைத் திருத்தி, புகை கலவாத புதுக்காற்றைக் குழாய்வழியே சுடருக்குச் செலுத்தும் முறையையும் வகுத்தார். அதனால் ஒளி மிகுந்தது. சூறாவளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் நாவில் ‘அரிக்கன்’ எனத் திரிந்தது.

எனினும் அரிக்கன் லாம்பு வாங்க எல்லோருக்கும் பொருள் இருந்ததில்லை. ஏழைகள் வெறும் போத்தலில் எண்ணெய் ஊற்றி, மூடியிலே திரி செருகிக் குப்பி விளக்காக்கினர். அது எளிதிற் சரியும், எண்ணெய் சிந்தும், உடையிலே தீப்பற்றும். 1950இல் லக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும், மின்கம்பி கிராமங்களை அடையப் பல பதிற்றாண்டுகள் சென்றன. அதுவரை இவ்விபத்துகளில் வெந்தோர் பலர். அவருள் பெண்களும் சிறுவரும் மிகுதி.

இக்கொடுமையைக் கண்டு வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, ‘சுதீப’ என்னும் பாதுகாப்பான விளக்கை அமைத்தார். குட்டையான, கனமான, தடித்த கண்ணாடி. உருளாதபடி தட்டையான பக்கங்கள். எண்ணெய் சிந்தாதபடி திருகி இறுக்கும் உலோக மூடி. இவ்வளவே அதன் நுட்பம். 1998இல் இப்பணிக்காக அவர் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

இன்று மின்சாரம் எங்கும் வந்துவிட்டதே, இப்பேச்சு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலே மண்ணெண்ணெயின் விலையும் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே மின்சாரம் இழந்தது. இத்தகைய வேளைகளில், பரணிற் கிடந்த பழைய விளக்கு மீண்டும் கைக்கு வருகிறது. அதனைக் கையாளும் பழக்கமோ இளையோரிடம் இல்லை.

ஆகவே சில சொல்வேன். எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றாதீர். மண்ணெண்ணெயுடன் பெற்றோலைக் கலவாதீர். நுளம்பு வலைக்கும் திரைச்சீலைக்கும் அருகே விளக்கை வையாதீர். அடைத்த அறையிலோ கூடாரத்திலோ அதனை எரியவிட்டு உறங்காதீர். நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். வீட்டிலே வெறும் போத்தல் விளக்கு இருப்பின், இன்றே அகற்றிவிடுங்கள்.