சிப்பாயின் மதிப்பு என்ன?



சதுரங்கத்தில் மிகச் சிறிய காய் சிப்பாய். ஆயினும், தனக்கு நேர் முன்னும் இரு பக்கத்து வரிசைகளிலும் எதிர்ச் சிப்பாய் இல்லாவிடில், அதுவே தடையற்ற சிப்பாய். பலகையின் கோடியை அடைந்தால் அது ராணியாகலாம். காய்கள் குறைந்த இறுதி ஆட்டத்தில் வெற்றி தோல்வியைப் பல வேளைகளில் முடிவு செய்வது இதுவே. இவ்வுண்மையை இயந்திரத்துக்குக் கற்பித்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1950-இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், கணிப்பொறி சதுரங்கம் ஆடும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என மதிப்பெண் தந்தார். தடையற்ற சிப்பாயையும் கவனிக்கலாம் என்று பின்னிணைப்பில் குறித்தார். ஆனால் அவருடைய மாதிரிக் கணக்கில் அதற்குத் தனி எண் இல்லை.

இதனால் என்ன இடர்? ஒரு சிப்பாய் ராணியாக ஐந்து அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் எதிராளி ஆடும் நான்கையும் சேர்த்தால் ஒன்பது நகர்வுகள். ஐந்து நகர்வு வரை மட்டுமே எண்ணிப் பார்க்கும் இயந்திரத்துக்கு வரப்போகும் ராணி தெரியாது. இத்தகைய குறையை 1970-களில் ஹான்ஸ் பெர்லினர் ‘தொடுவான விளைவு’ என்றார்.

ஆகவே நிரல் எழுதியோர் விதிகளைச் சேர்த்தனர். சிப்பாய் முன்னேற முன்னேற மதிப்பெண் கூடும். எதிரிக் காய் வழியில் நின்றால் குறையும். தன் ராஜா துணைக்கு அருகிலிருந்தால் கூடும். எதிரியிடம் ராஜா மட்டுமே எஞ்சியிருந்தால், சிப்பாயிலிருந்து கோடிவரை ஒரு சதுரத்தைக் கற்பனை செய்வார்கள். தன் முறையில் அதற்குள் நுழைய முடியாத ராஜா, தடையின்றி ஓடும் சிப்பாயைப் பிடிக்க இயலாது. பத்து நகர்வு எண்ணாமலே விடை கிடைத்துவிடுகிறது!

1997-இல் காஸ்பரோவை வென்ற ‘டீப் ப்ளூ’ சுமார் 8,000 கூறுகளைக் கொண்டு நிலையை எடைபோட்டது. 2017-இல் ‘ஆல்ஃபா ஸீரோ’ ஆட்டவிதிகளை மட்டும் பெற்று, தனக்குத்தானே ஆடிக் கற்றது. ‘ஸ்டாக்ஃபிஷ்’ 2020-இல் நரம்பு வலையமைப்பை ஏற்றது. மனிதர் எழுதிய மதிப்பீட்டு விதிகள் 2023-இல் அதிலிருந்து நீக்கப்பட்டன.

இயந்திரம் வலிமை பெற்றது. ஆனால் பழைய விதியைப் படித்தால் காரணம் விளங்கும். புதிய வலையமைப்பு மதிப்பெண்ணைத் தருகிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. மாணவர்களே, விடை கையில் கிடைத்த பிறகும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை இயந்திரம் நமக்காகக் கேட்காது.