மாதிரி ரயில்பாதைக் காட்சி

ஓடும் ரயிலை ஒரே விகிதத்தில் சுருக்கி, தண்டவாளம், நிலையம், சிக்னல், ஊர், மலை எல்லாவற்றையும் பலகைமேல் அமைத்து இயக்கிக் காட்டுவது மாதிரி ரயில்பாதைக் காட்சி. பூங்காவில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் சிறுவர் ரயில் இதில் சேராது. கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் எஞ்சினும் இதில் பாதிதான். வண்டி ஓட வேண்டும். ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதும் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஓரப்பாதையில் ஒதுங்கி நிற்கும் ஒரு சரக்கு வண்டி, வட்டமடித்துக்கொண்டே இருக்கும் பத்து வண்டிகளைவிட அதிகம் சொல்லும்.

ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயிலைத் தண்டவாளத்தோடு தொகுப்பாக விற்பனைக்கு வைத்தது. லண்டனில் 1910இல் தொடங்கிய மாதிரி ரயில் கிளப் இத்துறையின் மிகப் பழைய சங்கமாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935இல் உருவாகி, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்தது. கிளப் கண்காட்சிகளுக்கு அடித்தளம் இந்தப் பொது அளவுகளே. உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டில் தம் பங்குப் பலகையைச் செய்கிறார். பலகையின் இரு முனைகளிலும் தண்டவாளம் எங்கே வர வேண்டும் என்பது மட்டும் முன்பே முடிவாகியிருக்கும். கண்காட்சியன்று எல்லாவற்றையும் போல்ட் போட்டு இணைத்தால் நீண்ட பாதை கிடைக்கும்.

பார்வையாளர் பார்ப்பது அமைப்பின் ஒரு பகுதியைத்தான். பின்பலகைக்கு அப்பால் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மாற்றி அனுப்பும் மறைவு யார்டு ஒன்று உண்டு. முன்பக்கம் ஒரே ஒரு சிற்றூர் நிலையம் இருந்தாலும் பின்னால் ஏழெட்டு வண்டிகள் முறைக்காகக் காத்திருக்கலாம். பழைய முறையில் 12 வோல்ட் நேர்மின்சாரம் தண்டவாளத்தில் ஓடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். 1990களில் பரவிய டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சில்லு; அதற்கென ஓர் எண். ஒரே பாதையில் நிற்கும் இரண்டு எஞ்சின்களில் ஒன்றை மட்டும் நகர்த்த இதனால் முடிகிறது. எந்த முறையானாலும் கண்காட்சியில் முதல் எதிரி தூசிதான். சக்கரத்தில் அழுக்கு ஏறினால் மின்தொடர்பு விட்டுப்போய் வண்டி நடுவழியில் நிற்கும். அதனால் ஆல்கஹால் நனைத்த துணி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

உலகில் அதிகம் புழங்கும் விகிதம் எச்.ஓ. எனப்படும் 1:87. இதை ஜோலார்பேட்டையில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று திசைப் பாதைகளும் கூடும் இந்தச் சந்திப்பு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு கண்டோன்மென்ட் வரையிலான கிளை 1864இல் திறக்கப்பட்டது. 1:87 விகிதத்தில் ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டர் ஆகும். இருபத்துநான்கு எல்.எச்.பி. ரகப் பெட்டிகள் கொண்ட விரைவு வண்டி ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளும். அது நிற்கும் பிளாட்பாரமே ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு சுவரைப் பிடித்துக்கொள்ளும். 875 மீட்டர் ஆரமுள்ள அசல் வளைவு 10 மீட்டர் ஆரம் கேட்கும்; கடையில் கிடைக்கும் வளைவுத் துண்டுகளோ அரை மீட்டரைச் சுற்றியே இருக்கின்றன. ஆகவே பிளாட்பாரங்களை இரண்டாகக் குறைத்து, இருபத்துநான்கு பெட்டியை எட்டாக்கி, அருகிலுள்ள ஏலகிரி மலையைப் பின்பலகையில் ஓவியமாகத் தீட்டிவிடுவார்கள். எதை விட்டாலும் ஊரின் அடையாளம் கெடாது என்று தெரிந்து விடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

இந்தியருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கான அளவு. நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 1:87இல் 19 மி.மீ.க்குச் சற்று அதிகமாக வர வேண்டும். விற்பனைக்குக் கிடைக்கும் பாதையில் நம் வண்டியை வைத்தால், உடல் பெருத்துக் கால் ஒடுங்கியதுபோல் தெரியும். பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பிடிவாதக்காரர்கள் தண்டவாளத்தைத் தாமே செய்துகொள்கிறார்கள். நீலகிரி மலை ரயிலின் மீட்டர்பாதைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு: 11.5 மி.மீ. தேவை, 12 மி.மீ. பாதை கடையிலேயே கிடைக்கிறது.

இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பெயர்பெற்ற அமைப்பு புனேயின் கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம். பாவு ஜோஷி என்று அழைக்கப்பட்ட பி.எஸ். ஜோஷி தம் மாதிரியை முதலில் பொருட்காட்சிகளில் வைத்தார்; 1998இல் அது நிரந்தரக் கூடத்துக்கு வந்தது. எச்.ஓ. அளவிலான ஒரு நகரத்தையே அங்கே காணலாம். ஒளியை மங்கவைத்து ஊரை இரவாக்கும் கட்டத்தில் கூட்டம் வாயடைத்துப்போகும். ரயில்களைவிட விளக்குகளையே பலர் நினைவில் வைத்திருப்பது மாதிரிக்காரருக்குச் சற்று வருத்தம்தான். சென்னையில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்தின் பலம் அசல் அளவு வண்டிகள். ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட், இத்தகைய நிரந்தர அமைப்புகளில் உலகிலேயே பெரியது. தன்னார்வலர் உழைப்பில் நடக்கும் கிளப் கண்காட்சிகளுக்கோ நிரந்தர இடம் என்ற வசதி இல்லை. பர்மிங்காமில் வார்லி கிளப் நடத்திவந்த பெரிய கண்காட்சி 2023உடன் நின்றுபோனது.

திருப்பத்தூர் மாவட்டத்திலிருந்து மாதிரிக்கென ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பதானால் ஜோலார்பேட்டையைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. பஞ்சக் காலத்தில் உதவும் பாதையாகப் போடப்பட்டு, 1905இல் திறக்கப்பட்ட திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதை அது. 1936இல் மூடப்பட்டது. அதன் அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. 1:87இல் இது 8.76 மி.மீ.; சிறிய ‘என்’ (N) அளவு ரயில்களுக்காக விற்கும் 9 மி.மீ. பாதையோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது. வண்டிகள் குட்டையானவை, வளைவுகள் இறுக்கமானவை, நிலையங்கள் சிறியவை. நாலு மீட்டர் பலகையில் திருப்பத்தூர் நிலையத்தின் குறும்பாதைப் பக்கத்தையும், அகலப்பாதை வண்டியிலிருந்து மூட்டைகளை மாற்றி ஏற்றும் இடத்தையும் பெரிதாக எதையும் வெட்டாமல் அமைத்துவிடலாம். தண்டவாளத்தைக் கடையில் வாங்கலாம்; எஞ்சினையும் பெட்டிகளையும் மட்டும் பழைய படங்களைப் பார்த்துக் கையால் செய்ய வேண்டியிருக்கும்.