கிளிப்போர்டும் பகிர்வும்

கணிப்பொறியில் ஓரிடத்து எழுத்தைப் படியெடுத்துப் பிறிதோரிடத்தில் சேர்க்குங்கால், அவ்வெழுத்து இடையே தங்கும் நினைவிடத்தைக் கிளிப்போர்டு என்பர். தாளைக் கவ்விப் பிடிக்கும் பலகையின் பெயரே இதற்கு ஆயிற்று. ஒருவர் தம் வேலைக்கென அமைந்த இவ்விடம் பிறர்க்கும் எட்டுவதாய் மாறிய வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இதன் வேர் பதிப்பாசிரியரின் மேசையில் உள்ளது. கையெழுத்துப்படியைச் செப்பனிடுவோர் ஒரு பத்தியைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேண்டுமிடத்தில் பசையிட்டு ஒட்டுதல் பழைய வழக்கம். கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகிய இருவரும் 1974-75 ஆம் ஆண்டுகளில் ஜிப்சி என்னும் மென்பொருளை உருவாக்கினர். ஜின் என்னும் பாடநூற் பதிப்பகத்தாரின் தேவை கருதி எழுந்தது அது. பதிப்பாசிரியர் கைபழகிய தொழிலையே அவ்விருவரும் திரைக்குக் கொணர்ந்தனர். 'வெட்டு', 'ஒட்டு' என்னும் ஏவல்கள் இங்ஙனம் வந்தனவே. டெஸ்லர் 1980 இல் ஆப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1983 இல் அந்நிறுவனம் வெளியிட்ட லிசா கணிப்பொறியில் கிளிப்போர்டு இடம்பெற்றது.

பொதுவாக, அது ஒரு நேரத்தில் ஒன்றையே தாங்கும்; புதியது புகுந்தால் பழையது அழியும். இம்மறதியே அதற்குக் காவலாகவும் இருந்தது. பிற்காலத்தே இவ்வியல்பு மாறிற்று. ஆப்பிள் நிறுவனம் 2016 இல் ஒருவருடைய பல கருவிகளுக்கும் ஒரே கிளிப்போர்டு பயன்படுமாறு செய்தது. விண்டோஸ் 10 இல் 2018 முதல், பயனர் விரும்பின், 25 உருப்படிகள் வரை நினைவில் நிற்கலாயின. அவற்றைப் பிற கணிப்பொறிகளுக்கு அனுப்பும் வழியும் பிறந்தது.

பயன் பெருகியவாறே இடரும் பெருகிற்று. கடவுச்சொல்லைப் படியெடுத்தவர் அதனை மறந்துவிடலாம், கிளிப்போர்டு மறவாதிருக்கும். ஐபோனின் ஐஓஎஸ் 14, செயலிகள் பிற செயலியிற் படியெடுத்ததைப் படிக்குந்தோறும் அறிவிக்கும் முறையை 2020 இல் கொணர்ந்தது. செயலிகள் பல கேளாமலே அதனைப் படித்துவந்தமை அப்போதுதான் பலர்க்கும் புலனாயிற்று. 2022 இல் வந்த ஐஓஎஸ் 16, படிக்குமுன் இசைவு கேட்கும் முறையை ஏற்படுத்தியது.

வெட்டிய தாள் மேசைமேற் கிடக்கும். வெட்டியவர் அதனைக் காண்பர். கிளிப்போர்டிற் கிடப்பதோ வைத்தவர்க்கே தெரிவதில்லை. பழைய மேசைக்கும் புதிய கருவிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆதலின், அதில் உள்ளதைப் பிறர்க்கு அனுப்புமுன் வெற்றுப் பக்கமொன்றில் ஒட்டிப் பார்த்தல் நன்றென்பது நம் கருத்து.