சென்னைக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களில் காலதாமதம்

சென்னைக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களில் காலதாமதம் என்பது, வங்கக் கடற்கரையில் அமைந்த சென்னை மாநகருக்காக வகுக்கப்பட்ட நீர்த்திட்டங்கள் தொடங்கிய நாளுக்கும், அவற்றின் பயன் மக்களைச் சென்றடைந்த நாளுக்கும் இடையே ஏற்பட்ட நீண்ட இடைவெளியைக் குறிக்கும். வீராணம் திட்டம், தெலுங்கு கங்கைத் திட்டம், கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவை இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டுகள் ஆகும். இத்தகைய தாமதங்களை முன்கூட்டியே கணித்தல், அளவிடுதல், குறைத்தல், தவிர்க்க இயலாதபோது அவற்றின் விளைவுகளைச் சமாளித்தல் ஆகிய பணிகளின் தொகுப்பு தாமத மேலாண்மை எனப்படுகிறது.

பின்னணி

சென்னைக்கு அருகில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. நகரின் குடிநீர் நெடுங்காலமாகப் பூண்டி, சோழவரம், செங்குன்றம் (புழல்), செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளையும் நிலத்தடி நீரையும் நம்பியிருந்தது. இவ்வேரிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புபவை. ஓராண்டு மழை பொய்த்தால் அடுத்த கோடையில் நகரம் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகிறது.

இவற்றுள் பூண்டி நீர்த்தேக்கம் 1944 ஆம் ஆண்டில் கொசத்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்து இதற்கு வித்திட்ட சத்தியமூர்த்தியின் பெயரால் இது சத்தியமூர்த்தி சாகர் என்றும் அழைக்கப்படுகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர்ப் பகுதியிலிருந்து வரும் நீர், திருத்தணிக்கு அருகில் எல்லையை ஒட்டி அமைந்துள்ள பள்ளிப்பட்டு வழியாகத் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து பூண்டியை அடைகிறது. மேற்பகுதியில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும்போது பள்ளிப்பட்டுப் பகுதியின் கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுவது வழக்கம். பூண்டியின் உபரிநீர் எண்ணூர் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றின் மேற்பகுதி ஒரு மாநிலத்திலும், நீரைப் பயன்படுத்தும் நகரம் மற்றொரு மாநிலத்திலும் இருப்பது சென்னையின் நீர்த்திட்டங்கள் பலவற்றின் பொதுவான இயல்பாகும்.

நகரின் குடிநீர் வழங்கலையும் கழிவுநீர் அகற்றலையும் கவனிக்க, சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978 இல் அமைக்கப்பட்டது.

முதன்மையான எடுத்துக்காட்டுகள்

வீராணம் திட்டம்

கடலூர் மாவட்டத்திலுள்ள வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவரும் எண்ணம் 1960களின் இறுதியில் திட்ட வடிவம் பெற்றது. இதற்காக வார்க்கப்பட்ட பெரும் கற்காரைக் குழாய்கள், திட்டம் இடையில் நின்றுபோனதால் சாலையோரங்களில் பல ஆண்டுகள் கிடந்தன. வீடற்றோர் சிலர் அவற்றினுள் குடியிருந்தனர். இத்திட்டத்தின் ஒப்பந்தம் தொடர்பான குற்றச்சாட்டுகள் 1976 இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையத்தின் விசாரணைக்கு உள்ளாயின. பின்னர் வேறு வடிவில் நிறைவேற்றப்பட்ட புதிய வீராணம் திட்டத்தின் மூலம் 2004 இல் சென்னைக்கு நீர் வந்தது. இதன்படி நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கு சுத்திகரிக்கப்பட்டு, கடாம்புலியூர் வழியாகப் போரூர் வரை குழாய்களில் வருகிறது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 230 கிலோமீட்டர். கொள்ளளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் ஆகும்.

தெலுங்கு கங்கைத் திட்டம்

கிருஷ்ணா ஆற்றில் தத்தம் பங்கிலிருந்து ஆண்டுக்கு 5 டி.எம்.சி. வீதம் மொத்தம் 15 டி.எம்.சி. நீரைச் சென்னைக்கு விட்டுக்கொடுக்க மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் 1976 இல் இசைந்தன. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) வழியில் ஏற்படும் இழப்பு நீங்கலாக 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்க வேண்டும். இதனைச் செயற்படுத்துவதற்கான ஒப்பந்தம் தமிழ்நாட்டிற்கும் ஆந்திரப் பிரதேசத்திற்கும் இடையே 1983 இல் கையெழுத்தானது.

சிறீசைலத்திலிருந்து புறப்படும் நீர் சோமசீலை, கண்டலேறு நீர்த்தேக்கங்களைக் கடந்து, கண்டலேறு - பூண்டிக் கால்வாய் மூலம் ஊத்துக்கோட்டை அருகே எல்லையை அடைகிறது. இக்கால்வாய் ஆந்திரப் பகுதியில் 152 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 25 கிலோமீட்டரும் நீளம் உடையது. தமிழ்நாட்டு எல்லைக்கு முதன்முதலில் நீர் வந்த ஆண்டு 1996.

ஆயினும் வந்த நீர் உடன்பாட்டின் அளவைவிட மிகக் குறைவாக இருந்தது. கால்வாயின் கரைகள் சரிந்ததும் நீர் கசிந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். சத்திய சாயி அறக்கட்டளையின் பொருளுதவியுடன் 2002 இல் அறிவிக்கப்பட்ட கால்வாய்ச் சீரமைப்பு 2004 இல் நிறைவடைந்த பின் நீர்வரத்து மேம்பட்டது. எனவே இத்திட்டத்தின் கால அளவை 1983 முதல் 1996 வரை எனக் கொள்வதா, 2004 வரை எனக் கொள்வதா என்பது, "முடிவு" என்ற சொல்லுக்கு நாம் தரும் பொருளைப் பொறுத்தது.

கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இரண்டு ஏரிகளை இணைத்து, கிருஷ்ணா நீரையும் தேக்கும் வகையில் அமைக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 0.5 டி.எம்.சி. ஆகும். 2013 இல் தொடங்கிய இத்திட்டம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. நிலம் கையகப்படுத்துவதிலும் இழப்பீட்டை முடிவு செய்வதிலும் ஏற்பட்ட சிக்கல்கள் தாமதத்துக்கு முதன்மைக் காரணமாயின.

நெம்மேலி நிலையங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையத்திற்கு 2010 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 இல் அது திறக்கப்பட்டது. அதன் அருகிலேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையத்துக்கு 2019 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது சென்னை கடும் வறட்சியில் இருந்தது. அந்நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இடையில் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா பெருந்தொற்று நாடெங்கும் கட்டுமானப் பணிகளைப் பாதித்தது.

காரணங்கள்

மேற்கண்ட திட்டங்களை ஒப்பிட்டால், காலத்தின் பெரும்பகுதி கட்டுமானத்தில் மட்டும் செலவாகவில்லை என்பது புலனாகும். வேலை தொடங்குவதற்கு முந்திய இசைவுகளும், ஒரு பகுதி மற்றொரு பகுதியுடன் இணையும் இடங்களுமே அதிகக் காலத்தை எடுத்துக்கொள்கின்றன. பொதுவாகக் காணப்படும் காரணங்கள் வருமாறு:

- மாநிலங்களுக்கு இடையிலான உடன்பாடு: நீரின் மூலம் வேறு மாநிலத்தில் இருக்கும்போது, பணியின் வேகத்தைப் பயன்பெறும் நகரம் தனியே தீர்மானிக்க இயலாது.
- நிலம்: 2014 முதல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கூடுதல் இழப்பீட்டையும் வலியுறுத்துகிறது. நிலத்தை இழப்போரின் உரிமைக்கு இது தேவையானது. இதற்கான காலத்தைத் திட்ட அட்டவணையில் சேர்க்காமல் விடுவதே தவறாகும்.
- கடற்கரைச் சட்டங்கள்: கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 இலும், பின்னர் திருத்திய வடிவில் 2011, 2019 ஆம் ஆண்டுகளிலும் வெளியிடப்பட்டது. நீரை உள்ளிழுக்கும் குழாய்களுக்கும், உவர்நீரை வெளியேற்றும் குழாய்களுக்கும் இதன்கீழ் இசைவு பெற வேண்டும்.
- கடலும் பருவமும்: கடலடிக் குழாய்களை மிதக்கவிட்டு இழுத்துச் சென்று மூழ்கடிக்கும் பணியை அலை அடங்கிய நாட்களில்தான் செய்ய இயலும். வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் இப்பணியைத் தடுக்கின்றன.
- மண்ணும் நிலத்தடி நீரும்: கடற்கரை மணலில் சில அடி ஆழத்திலேயே நீர் ஊறுவதால், ஆழமான கழிவுநீர்க் குழாய்களைப் பதிக்கும்போது இடைவிடாது நீரை இறைக்க வேண்டும், பள்ளத்தின் பக்கங்களையும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.
- சாலை வெட்டும் இசைவு: ஒரே தெருவில் குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி ஆகியவை செல்வதால் பல துறைகளின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது. மழைக்காலத்தில் சாலை வெட்டுவதற்குச் சென்னை மாநகராட்சி தடை விதிப்பது வழக்கம்.

கழிவுநீர்த் திட்டங்களுக்குத் தனியான ஓர் இடர்ப்பாடு உண்டு. கழிவுநீர் பெரும்பாலும் புவியீர்ப்பால் ஓடுவதால், பள்ளமான இடத்திலுள்ள உந்து நிலையமும் முதன்மைக் குழாயும் முடியாமல் மேட்டுத் தெருக்களின் குழாய்களைப் பயன்படுத்த இயலாது. எல்லாம் முடிந்தாலும், வீட்டிணைப்புகள் தரப்படாவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் வெறுமனே நிற்கும்.

சிறு தாமதம் பெரிதாவது எப்படி

ஒரு திட்டத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் இருப்பினும், அவற்றுள் ஒன்றையொன்று சார்ந்த மிக நீண்ட தொடர் ஒன்றே மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கிறது. இத்தொடரைக் கண்டறியும் கணித முறையை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களின் பொறியாளர்கள் உருவாக்கினர். இத்தொடரில் இல்லாத வேலை சில நாட்கள் பிந்தினாலும் திட்டம் பிந்தாது. தொடரில் உள்ள வேலை ஒரு நாள் பிந்தினால் திட்டமும் ஒரு நாள் பிந்தும்.

கடற்கரைத் திட்டங்களில் இவ்விதி இன்னும் கடுமையாகச் செயற்படுகிறது. எடுத்துக்காட்டாக, கடலடிக் குழாய் பதிக்கும் பணியைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மட்டுமே செய்ய இயலும் எனக் கொள்வோம். பிப்ரவரியில் வரவேண்டிய குழாய்கள் மே மாதத்தில் வந்தால் தாமதம் மூன்று மாதங்கள் அல்ல. அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் அது ஓராண்டாகும். கரையில் நிலையம் முழுமையாகக் கட்டப்பட்டிருந்தாலும் ஒரு துளி நீரும் கிடைக்காது.

மேலாண்மை முறைகள்

ஒப்பந்த வழிமுறைகள்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 55 ஆம் பிரிவு, குறித்த காலத்தில் பணியை முடிக்காததன் விளைவுகளைக் கூறுகிறது. 74 ஆம் பிரிவு, ஒப்பந்தத்திலேயே குறிப்பிடப்பட்ட இழப்பீட்டைப் பற்றியது. பொதுவாகத் தாமதங்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன:

1. ஒப்பந்ததாரரின் பொறுப்பில் ஏற்படுபவை. இவற்றுக்கு அவர் இழப்பீடு தர வேண்டும்.
2. பணியை வழங்கியவரின் பொறுப்பில் ஏற்படுபவை (எ.கா: நிலத்தை உரிய நாளில் ஒப்படைக்காமை). இவற்றுக்குக் கால நீட்டிப்பும் கூடுதல் செலவும் கோரலாம்.
3. புயல், பெருந்தொற்று போன்று இருவர் பொறுப்பிலும் இல்லாதவை. இவற்றுக்குப் பெரும்பாலும் கால நீட்டிப்பு மட்டும் கிடைக்கும்.

பன்னாட்டு நிதியுதவி பெறும் திட்டங்களில் ஃபிடிக் எனப்படும் பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் ஒப்பந்த விதிகள் பெரிதும் பயன்படுகின்றன. இதன் 1999 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தாமதத்துக்குக் காரணமான நிகழ்வை ஒப்பந்ததாரர் அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் கால நீட்டிப்புக் கோரும் உரிமையை இழப்பார். சிக்கலை உடனுக்குடன் வெளிப்படுத்தச் செய்வது இவ்விதியின் பயன்களுள் ஒன்றாகும். திட்டம் முடிந்தபின் நினைவிலிருந்து காரணங்களைத் தேடுவதைவிட, அன்றாடப் பணிக் குறிப்புகளும் மாதந்தோறும் திருத்தப்படும் அட்டவணையும் நம்பத்தக்கவை.

மக்கள் பங்கேற்பு: ஆலந்தூர்

சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சியாக இருந்தது. (2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது.) அங்கு பாதாளச் சாக்கடைத் திட்டத்திற்காகக் குடியிருப்போர் சங்கங்கள் மூலம் மக்களிடம் விளக்கம் அளிக்கப்பட்டு, வீடொன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை முன்கூட்டியே பெறப்பட்டது. 2000 இல் தொடங்கிய பணியின் பயனாக 2003 இல் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. இணைப்புப் பெறப்போகும் வீடுகள் முதலிலேயே உறுதியானதால், குழாய் பதித்த பின் இணைப்புக்காகக் காத்திருக்கும் நிலை பெருமளவு குறைந்தது.

பல மூலங்களை நாடுதல்

ஒரே பெருந்திட்டத்தை மட்டும் நம்பியிராமல் பல மூலங்களைச் சேர்த்துக்கொள்வதும் தாமத மேலாண்மையின் ஒரு பகுதியாகும். தமிழ்நாட்டில் 2003 இல் மழைநீர் சேகரிப்பு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் 2019 இல் செயற்பாட்டுக்கு வந்தன. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் குடிநீர் இவற்றால் மிச்சமாகிறது.

தாமதத்தின் சுமை

திட்டம் பிந்தும்போது செலவு உயர்வது கணக்கில் தெரிகிறது. மக்கள் செலுத்தும் விலை அக்கணக்கில் வருவதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, அவ்வாண்டு ஜூலையில் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் ஒரு நடைக்கு ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. புதிய வீராணம் குழாய் ஒரு நாளில் கொண்டுவரக்கூடிய நீருக்கு இத்தகைய எழுபதுக்கும் மேற்பட்ட நடைகள் தேவைப்படும். இடைக்கால ஏற்பாடுகளால் நிலையான திட்டத்தை ஈடுசெய்ய இயலாது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

வசதி உள்ளோர் ஆழ்துளைக் கிணறு தோண்டியும் தனியார் லாரிகளில் நீர் வாங்கியும் சமாளிக்கின்றனர். தெருக்குழாயையும் வாரியத்தின் லாரியையும் நம்பியிருப்போர் குடங்களுடன் காத்திருக்கின்றனர்; இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கடற்கரையோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைப்பதால் கடல்நீர் உட்புகுவதும், கழிவுநீர்த் திட்டம் பிந்தும் பகுதிகளில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றில் கழிவுநீர் கலப்பதும் திட்டம் முடிந்த பின்னும் எளிதில் நீங்காத விளைவுகளாகும்.

இதனால் ஒரு நீர்த்திட்டத்தின் கால அளவைக் கணிக்கும்போது, அடிக்கல் நாட்டிய நாள், திறப்பு விழா நாள் ஆகிய இரண்டுடன், உறுதியளித்த அளவு நீர் வீட்டுக் குழாயை அடைந்த நாளையும் குறித்தல் பொருத்தமாகும். தெலுங்கு கங்கைத் திட்டத்தில் இந்நாட்களுக்கு இடையே இருந்த இடைவெளி இதற்குத் தெளிவான சான்றாகும்.