லினக்ஸ் கணினி தன் பாகங்களை அடையாளம் காண்பது எப்படி?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய மடிக்கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, பிள்ளைகளின் படிப்புக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம். மாற்றிய பிறகு வைஃபை வேலை செய்யவில்லை என்றால், கணினியே பழுதாகிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது நடக்கும் ஏதோ ஒரு படி மட்டுமே தடைப்பட்டிருக்கலாம்.

கணினியை முடுக்கியதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் ஏறுகிறது. அதனுடன் ஒரு சிறிய கோப்புத் தொகுப்பும் ஏறும். வட்டைத் திறந்து படிக்கத் தேவையான டிரைவர்கள் அதில்தான் இருக்கும்.

அடுத்து, கெர்னல் கணினியில் உள்ள கருவிகளைத் தேடிப் பட்டியலிடுகிறது. வைஃபை அட்டை போன்ற கருவி ஒவ்வொன்றும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் தெரிவிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. கெர்னல் இதை 'யுடெவ்' என்ற நிரலுக்கு அறிவிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்ற அட்டவணை வட்டிலேயே உள்ளது. அதில் பொருந்தும் டிரைவர் கிடைத்தால், அது 'மாடியூல்' என்ற தனித் துண்டாகக் கெர்னலுடன் இணைக்கப்படும். கணினியில் இல்லாத கருவிகளின் மாடியூல்கள் வட்டிலேயே இருந்துவிடும், நினைவகம் வீணாகாது.

டிரைவர் ஏறினாலும் சில கருவிகள் இயங்காது. கருவிக்குள் செலுத்த வேண்டிய 'ஃபர்ம்வேர்' கோப்பு இல்லாததே பல நேரங்களில் காரணம். பல வைஃபை அட்டைகளுக்கு இது அவசியம். திறந்த உரிமம் இல்லாத இத்தகைய கோப்புகளை, 2023 ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12 முதல், அதன் அதிகாரப்பூர்வ நிறுவல் தொகுப்பிலேயே சேர்த்து வழங்குகின்றனர்.

தடை எங்கே என்று அறிய, டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் 'கே' எழுத்தும் சேர்க்க வேண்டும். வைஃபை அட்டையின் பெயருக்குக் கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவரின் பெயர் தெரிந்தால், அடுத்து ஃபர்ம்வேரைச் சோதிக்கலாம். டிரைவரின் பெயரே இல்லையென்றால், பொருத்தமான டிரைவர் ஏறவில்லை என்று பொருள். அட்டையே பட்டியலில் இல்லையென்றால், அது பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். யுஎஸ்பி வழி இணைந்த கருவிகள் இப்பட்டியலில் வராது. அவற்றுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளை உண்டு.

லினக்ஸை நிறுவும் முன், விரலியில் பதிந்து அதிலிருந்தே இயக்கிப் பார்ப்பது நல்லது. வைஃபை, ஒலி, கேமரா ஆகியவை இயங்குகின்றனவா என்பது, வட்டில் உள்ள எதையும் அழிக்காமலேயே தெரிந்துவிடும்.