தனியாக மாட்டிய முகமூடி

ஹாஸ்டல் வைஃபையில் முதல்முறை டோர் பிரவுசரைத் திறந்த இரவு, இனி நம்மை யாரும் பார்க்க முடியாது என்று எனக்கு ஒரே மிதப்பு. அது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது ஹார்வர்ட் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது.

2013 டிசம்பர் 16. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. கட்டடங்களைக் காலி செய்தார்கள், தேர்வுகள் நின்றன. அனுப்பியவன் பரீட்சையிலிருந்து தப்பிக்க நினைத்த ஒரு மாணவன். டோர் வழியாகத்தான் அனுப்பியிருந்தான். அதை எஃப்.பி.ஐ. உடைக்கவே இல்லை. மின்னஞ்சல் டோரிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குப் போனது யார் என்று பார்த்தார்கள். அவன் பெயர் வந்தது. போய்க் கேட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டான். அவ்வளவுதான்.

டோர் நம் தகவலை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றவிடுகிறது. முதல் கணினிக்கு நாம் எங்கிருந்து வருகிறோம் என்று தெரியும், கடைசிக் கணினிக்கு எங்கே போகிறோம் என்று தெரியும், இரண்டும் ஒருவருக்கே தெரியாது. ஆனால் நாம் டோருக்குள் நுழைவதை, வைஃபை வைத்திருப்பவர் பொதுவாகப் பார்த்துவிடலாம்.

செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த யோசனை இது. கடற்படை மட்டும் பயன்படுத்தினால், உள்ளே வருகிற எல்லோரும் கடற்படை ஆள் என்று எதிரி சுலபமாகச் சொல்லிவிடுவான். ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். 2002இல் அது பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டதில் இந்தக் கணக்கும் உண்டு. இரண்டு முனைகளையும் ஒருசேரக் கவனிப்பவர் நேரத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2004இலேயே அதன் வடிவமைப்பாளர்கள் எழுதிவைத்தார்கள். ஸ்னோடன் வழியாக 2013இல் வெளியான என்.எஸ்.ஏ. ஆவணமும், எல்லோரையும் எப்போதும் அடையாளம் காண முடியாது, மிகச் சிலரை மட்டும் முடியும் என்றுதான் சொன்னது.

அந்த மாணவன் மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அலுவலகத்து ஊழலை வெளியே சொல்ல நினைக்கிற ஒரு குமாஸ்தாவையும் அதே வைஃபை பதிவு காட்டிக்கொடுக்கும். நல்லவன் கெட்டவன் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவர் தப்ப வேண்டுமென்றால், அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இன்னும் இருபது பேராவது சும்மா டோர் திறந்திருக்க வேண்டும்.

அதனால் இப்போதும் டோர் திறக்கிறேன். பெரும்பாலும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க.