ஃபிலிம் கழுவ என்ன டைமர்? - கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வெயில்

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன டைமர் வாங்கலாம்?" என்பதுதான். சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேல் கதை இருக்கிறது. அதில் மெட்ராஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆரம்ப காலத்தில் கடிகாரமே தேவைப்படவில்லை. அன்றைய கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. அதனால் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவி, போதும் என்று தோன்றியதும் எடுத்துவிடுவார்கள் (பாட்டி நுரை கட்டியதும் ரசத்தை இறக்குவது போல). 1890களில் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். உருவம் முதலில் தலைகாட்ட எத்தனை விநாடி ஆகிறதோ, அதை அந்த டெவலப்பருக்கு உரிய எண்ணால் பெருக்கு. முப்பது விநாடி, எண் பத்து என்றால் மொத்தம் ஐந்து நிமிடம். இருட்டறைக்குள் கடிகாரம் நுழைந்தது இப்படித்தான். (இதே மனிதர் பிற்பாடு, இங்கிலாந்தின் பழைய சின்னங்கள் எல்லாம் நேர்கோட்டில் இருக்கின்றன என்று கிளம்பி ஆராய்ச்சியாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அது தனிக் கதை!)

1906-ல் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் கம்பெனி எல்லா நிறத்துக்கும் மசிகிற தகடுகளை விற்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கும் போச்சு. இனி பார்த்துக் கழுவ முடியாது. நேரமும் வெப்பநிலையும்தான் கண்.

இப்போது நம்ம ஊர். மவுண்ட் ரோடில் மோட்டார் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்த நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்தார். ஊமைப்படம். வெளிவந்த ஆண்டை 1916, 1917, 1918 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஷூட்டிங் நடந்தது மெட்ராஸில். ஆனால் ஃபிலிம் கழுவ லேப் வைத்தது பெங்களூரில்! வாரக் கடைசியில் அங்கே போய்க் கழுவிவிட்டு, திங்கட்கிழமை காலை ஷூட்டிங்குக்குத் திரும்பிவிடுவாராம். காரணம், பெங்களூரின் குளிர்ச்சி.

இது வெறும் பயம் இல்லை. டெவலப்பருக்கு வழக்கமான அளவு 20 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் சுமார் பத்து சதவீதம் குறையும். 20 டிகிரியில் பத்து நிமிடம் என்றால், 30 டிகிரியில் மூன்றரை நிமிடம்தான். பத்து நிமிடத்தில் 15 விநாடி பிசகினால் இரண்டரை சதவீதம் தப்பு. மூன்றரை நிமிடத்தில் அதே பிசகு ஏழு சதவீதம். அதோடு ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஃபிலிமில் திட்டுத் திட்டாக விழ வாய்ப்பு அதிகம். சூட்டில் ஜெலட்டின் இளகி உரிந்துவிடுகிற ஆபத்து வேறு. வெப்ப நாடுகளுக்கென்றே சோடியம் சல்ஃபேட் கலந்த டெவலப்பரை கோடக் வெளியிட்டது இதற்காகத்தான். 36 படமும் ஒரே தடவையில் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

ஆக, மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரில் நேரடியாகக் கழுவினால் எவ்வளவு ஒசத்தியான டைமரும் காப்பாற்றாது. முதலில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். பாட்டிலை ஐஸ் போட்ட பக்கெட்டில் வைத்து 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அந்தப் பத்து நிமிடம் ஆறரை நிமிடமாகும். அது சமாளிக்கக்கூடிய நேரம்.

டைமருக்கு ரேடியம் முள் தேவையே இல்லை. அது இருட்டில் தட்டில் வைத்துக் கழுவுகிறவர்களுக்கு. நாம் இருட்டுப் பையில் ஃபிலிமைச் சுற்றி டாங்கை மூடிவிட்டால் அப்புறம் விளக்கு போட்டுக்கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு முறை பத்து விநாடி டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும் என்பதால், விநாடி பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சமையலறையில் திருகிவிடுகிற டைமர் கூடாது, அதில் விநாடியே கிடையாது. அப்பாவின் பழைய எச்.எம்.டி. வாட்சில் விநாடி முள் ஓடினால் தாராளமாகப் போதும். செல்போனும் சரிதான், ஈரக்கையோடு தொடாத வரைக்கும் :)